பழைய வண்டியும் புதிய சட்டமும்

நம் நாட்டில் ஒரு பொருளுக்கு வயதாகிவிட்டால் அதற்கு இரண்டே கதிகள் உண்டு. ஒன்று, சந்தனம் குங்குமம் வைத்துக் கூடத்தில் மாட்டிவிடுவது. மற்றது, கொல்லைப்புறத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பழைய இரும்புக்காரனோடு கிலோவுக்கு எவ்வளவு என்று பேரம் பேசுவது. வீட்டுப் பெரியவர்கள் விஷயத்திலேயே இதுதான் வழக்கம் என்று ஆகிவிட்ட பிறகு, மோட்டார் வண்டிகள் விஷயத்தில் மாத்திரம் வேறு நியாயம் எதிர்பார்க்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். எதிர்பார்க்கத்தான் வேண்டும் என்பது என் கட்சி. பழைய பொருளுக்கு மூன்றாவதாக ஒரு கதியும் உண்டு. வேலை செய்துகொண்டே இருப்பதுதான் அது.

அந்த மூன்றாவது கதவைத்தான் இப்போது சர்க்கார் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டு வருகிறது.

2021-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு விதி வந்தது. ஐம்பது வயது கடந்து, பிறந்த கோலத்தில் மாற்றமில்லாமல் இருக்கும் வண்டிகளுக்கு 'விண்டேஜ்' என்ற பட்டம் கொடுத்து, நம்பர் பலகையில் 'வி.ஏ.' என்ற இரண்டு எழுத்துக்களையும் சேர்த்துக் கௌரவிப்பார்களாம். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பட்டம் பெற்ற வண்டி கண்காட்சிக்குப் போகலாம், அணிவகுப்பில் கலந்துகொள்ளலாம், பெட்ரோல் போட்டுக்கொள்ளவும் பழுது பார்க்கவும் போய்வரலாம். தினசரி உபயோகத்துக்கும் வாடகைக்கும் மட்டும் சாலையில் ஓடக் கூடாது. பட்டம் கொடுத்து வேலையைப் பறித்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. எத்தனையோ தலைவர்களுக்கு இதைச் செய்திருக்கிறோம்.

அடுத்த மாதமே, 2021 ஆகஸ்டில், பழைய வண்டிகளைக் கழித்துக் கட்டும் கொள்கையை ஆரம்பித்துவைத்தார்கள். அதற்கு நான் அநியாயம் செய்ய விரும்பவில்லை. தனியார் கார் என்றால் இருபது வருஷம், வாடகை வண்டி என்றால் பதினைந்து வருஷம் கழிந்ததும் பரிசோதனைக்கு வர வேண்டும்; அதில் தேறாவிட்டால்தான் உடைக்க வேண்டும் என்று அந்தக் கொள்கை சொல்கிறது. அதுவரைக்கும் சரிதான். ஆனால் சர்க்கார் தன் சொந்த வண்டிகள் விஷயத்தில் அந்தப் பரிசோதனையையும் எடுத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, பதினைந்து வயதைத் தாண்டிய சர்க்கார் வண்டிக்குப் பதிவு கிடையாது. அது நன்றாக ஓடுகிறதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. நகராட்சி லாரியானாலும் சரி, அரசுப் போக்குவரத்துக் கழகத்து பஸ்ஸானாலும் சரி, பிறந்த தேதியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

தனி மனிதன் வண்டியை இப்படித் தடாலடியாகப் பிடுங்க முடியாதல்லவா? அதற்குக் கட்டணம் என்று ஒரு வழி இருக்கிறது. பதினைந்து வயதான காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலுக்கு முன்பு 600 ரூபாய் கட்டினால் போதும். அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வயது தாண்டிய காருக்கு 10,000 என்று ஆக்கினார்கள். பதினைந்து வயதான லாரிக்கு எஃப்.சி. காட்டும் கட்டணம் 1,500-லிருந்து ஒரேயடியாக 12,500-க்குத் தாவியது. இந்தப் பணம் வண்டியின் புகைக்காகவா? இல்லை, புகையே விடாத பழைய வண்டிக்கும் இதே தொகைதான். பிரேக் சரியில்லை என்பதற்காகவா? பிரேக் நன்றாகப் பிடித்தாலும் இதே தொகைதான். பிறந்து இத்தனை வருஷம் ஆயிற்று என்ற ஒரே குற்றத்துக்காக விதிக்கும் அபராதத்தைக் கட்டணம் என்று எப்படிச் சொல்வது?

இந்தச் சட்டங்களைச் செய்தவர்கள் எல்லாரும் நல்ல சாலையில் பிரயாணம் செய்பவர்கள். ஒருநாள் மழைக்காலத்தில் எங்கள் வேலப்பன்சாவடிக்கு வந்து போகும்படி அவர்களை அழைக்கிறேன்.

குமணன்சாவடி, கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று பூந்தமல்லிச் சாலையில் வரிசையாகச் சாவடிகள் உண்டு. வழிப்போக்கர்கள் இளைப்பாறும் இடத்துக்குத்தான் சாவடி என்று பெயர். இன்று எங்கள் ஊரில் யாரும் இளைப்பாறுவதில்லை. பெங்களூருக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. மருத்துவக் கல்லூரியும் பல் வைத்தியக் கல்லூரியும் எழும்பி நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் செய்த புதிய கார்கள், நீண்ட டிரெய்லர்களின் மேல் இரண்டு அடுக்காக உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி இந்தச் சாலையில் போகின்றன. பார்ப்பவர்கள் "ஆகா, இந்தியாவின் டெட்ராய்ட்!" என்று மெய்சிலிர்க்கலாம்.

அந்தச் சாலையைவிட்டு இறங்கி இருநூறு அடி உள்ளே நடந்து பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பது உத்தமம். சாக்கடைக்கு ஒரு தரம், குடிநீர்க் குழாய்க்கு ஒரு தரம், கம்பிக்கு ஒரு தரம் என்று தெருவைத் தோண்டுகிறார்கள். மூடும்போது மாத்திரம் எல்லா இலாகாக்களுக்கும் ஏக காலத்தில் ஞாபகமறதி வந்துவிடுகிறது. அதைக்கூட விட்டுவிடலாம். அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. நாம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மனைகளில் பெரும்பாலானவை ஒரு தலைமுறைக்கு முன்பு வரை ஏரிப் பாசனத்து நெல் வயல்கள். நெல் வயல் என்றால் என்ன? தண்ணீர் கீழே இறங்கிவிடாமல் நிற்க வேண்டும் என்பதற்காக, நூற்றுக்கணக்கான வருஷங்கள் சேற்றுழவு அடித்து, மிதித்து, அடியில் ஒரு கெட்டித் தளம் உண்டாகும்படி தயாரித்த மண். அந்த மண்ணின்மேல் 'நகர்' என்று பெயர் எழுதிய பலகையை நட்டுவிட்டால் அது தன் குணத்தை மாற்றிக்கொள்ளுமா? முன்னோர்கள் சொல்லிக் கொடுத்த பாடத்தை அது இன்னும் விசுவாசமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரை நிறுத்துகிறது. சேறாகிறது.

"சாலையைச் சரியாகப் போடு என்று எழுதுவதை விட்டு, சேற்றில் ஓடும் வண்டிக்கு வக்காலத்து வாங்குகிறீரே!" என்று ஒருவர் கேட்பார். சாலையைப் பற்றியும் எழுதலாம், எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். சாலை வரும்வரை தண்ணீர் கேனும், காஸ் சிலிண்டரும், செங்கல்லும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கிழவியும் இந்தச் சேற்றைத் தாண்டித்தானே ஆக வேண்டும்?

எங்கள் பக்கத்தில் ஒரு பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன தரை. அங்கே இருக்கும் மெக்கானிக்கை எல்லாரும் 'பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். எண்பதுகளில் செய்த ஒரு டீசல் ஜீப் அவரிடம் உண்டு. மழைக்காலத்தில் அது ஊருக்கே பொதுச் சொத்து. எந்த வண்டி எங்கே புதைந்தாலும் முதலில் பாய்க்குத்தான் ஆள் போகும்.

அவர் வேலை செய்வதை நின்று பார்த்தால், சேறு என்பது ஒரு சாஸ்திரம் என்று தெரிகிறது. நம்மைப் போன்றவர்கள் சேற்றில் மாட்டிக்கொண்டால் என்ன செய்கிறோம்? ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கிறோம். சக்கரம் வெறிபிடித்துச் சுற்றுகிறது. சுற்றச் சுற்றக் குழி ஆழமாகிறது. அச்சு தரையில் உட்கார்ந்துவிடுகிறது. "சேத்துல கோவம் ஆவாது சார். கோவப்பட்டா வண்டி உள்ள போயிடும்" என்பது பாய் வாக்கு. அவர் முதலில் டயர்க் காற்றில் ஏறக்குறையப் பாதியைத் திறந்துவிடுவார். டயர் தளர்ந்து, அகலமாகி, சேற்றின்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்த மாதிரி உட்காரும். பிறகு முன் அச்சையும் இழுவையில் சேர்த்து, தாழ்ந்த கியரில் போட்டு, எறும்பு ஊர்வது மாதிரி நகர்த்துவார். ஒரு பக்கத்துச் சக்கரம் மாத்திரம் வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தால், ஆக்சிலேட்டரை விடாமலே பிரேக்கை லேசாக அழுத்துவார். அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் என்ற அமைப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதன் பக்கமே சுழற்சியை ஓட விட்டுவிடும். (இந்தக் குணம் யந்திரத்துக்கு மாத்திரம் உரியது அல்ல.) பிரேக் பட்டதும் சும்மா சுற்றும் சக்கரத்துக்குப் பாரம் ஏறி, கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கு வேலை போய்ச் சேரும். வண்டி ஓர் உலுக்கு உலுக்கி வெளியே வரும். ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது கட்டைவிரல்களை வளையத்துக்குள் விடாமல் வெளியே வைத்துக்கொள்வார். கல்லில் சக்கரம் மோதினால் ஸ்டியரிங் திருப்பி அடிக்கும். விரல் உள்ளே இருந்தால் ஒடியும். இதையெல்லாம் எந்தக் கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

வெளியே வந்தது பாதி வேலைதான். மறுநாள் பட்டறையில் மீதி நடக்கும். ஓடிச் சூடான அச்சுப் பெட்டி சட்டென்று தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, மூச்சுத் துவாரம் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆகையால் அடிமறையைத் திறந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பார்ப்பார். எண்ணெய் பால் விட்ட காப்பி மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் பூந்துவிட்டது என்று அர்த்தம். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவார். டிரம்மைக் கழற்றி உள்ளே அப்பியிருக்கும் சேற்றைக் கழுவுவார். சக்கரத்து பேரிங்கைக் கழுவிப் புதிய கிரீஸ் அடைப்பார். பட்டைகளின் கோர்வைகளுக்குக் கிரீஸ் அடிப்பார். இரண்டு ஸ்பானர், ஒரு ஜாக்கி, ஒரு டப்பா மண்ணெண்ணெய், ஒரு பையன். அரை நாளில் வண்டி மறுபடியும் தயார்.

2015 டிசம்பர் வெள்ளத்தை நம் ஊரில் மறந்தவர்கள் இருக்க மாட்டார்கள். அந்த வாரம் நகரமெங்கும் வண்டிகள் தண்ணீருக்குள் கிடந்தன. அப்போது பாய் தெருத் தெருவாகப் போய்ச் சொன்ன ஒரே உபதேசம், "சாவியைத் தொடாதீங்க!" என்பது. அதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினின் சிலிண்டரில் காற்றை நசுக்கலாம். தண்ணீரை நசுக்க முடியாது. தண்ணீர் புகுந்த எஞ்சினைக் கிளப்பினால் பிஸ்டன் அதில் போய் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கிளப்பாமல் வைத்திருந்த பழைய டீசல் வண்டிகளை அவர் எப்படிப் பிழைக்க வைத்தார் தெரியுமா? இன்ஜெக்டர்களைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றிவிட்டு, சிலிண்டர்த் தண்ணீரை வாழைப்பூப் பீய்ச்சுகிற மாதிரி வெளியே பீய்ச்ச விட்டார். எண்ணெயை மாற்றி, சற்று ஓட்டி, மறுபடியும் மாற்றினார். வண்டி ஓடிற்று. அதே தெருவில் நின்றிருந்த புதிய கார்களுக்கு மூளைப் பெட்டி நனைந்துபோயிற்று. மூளைப் பெட்டி என்று நான் சொல்வது, எஞ்சினையும் பிரேக்கையும் ஆளுகிற மின்னணுக் கருவியை. அதைத் திறந்து துடைக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கம்பிக்கட்டு முழுவதும் போயிற்று. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர் வந்து பார்த்து, பழுது பார்க்கும் செலவு வண்டியின் மதிப்பையே எட்டுகிறது என்று எழுதிவிட்டுப் போனார். இரண்டு வருஷத்துக் கார் செத்துப்போயிற்று. முப்பது வருஷத்து ஜீப் பிழைத்துக்கொண்டது. இதில் எது பழையது, எது புதியது?

2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் வந்தபோதும் இதே கதைதான். இடுப்பளவு தண்ணீரில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு வந்தவை படகுகளும் டிராக்டர்களும். வழவழப்பான வண்டிகள் அடித்தளத்தில் மிதந்துகொண்டிருந்தன.

புதிய வண்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மெத்தென்று போகிறது, விபத்தில் உயிரைக் காப்பாற்றப் பலூன் வைத்திருக்கிறது, குறைவாகக் குடிக்கிறது. அதற்கெல்லாம் வந்தனம். ஆனால் அது கெட்டுப்போனால் யார் கையில் இருக்கிறது? வாங்கியவன் கையில் இல்லை. வேப்பமரத்தடி மெக்கானிக் கையிலும் இல்லை. கம்பெனி ஸ்கானரைப் பொருத்தி, கம்பெனி ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் அது தன் வியாதியை வெளியிடும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பதினான்கு கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது நினைவிருக்கிறதா? உதிரிப் பாகங்களையும், பழுது பார்க்க வேண்டிய விவரங்களையும் வெளிச் சந்தையில் கிடைக்காதபடி அடைத்து வைத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. அப்பீல்கள் தொடர்ந்தன; அது வேறு கதை. 2022 டிசம்பரில் மத்திய சர்க்காரே 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி, மோட்டார் வண்டிகளையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஓர் இலாகா, "பொருளைப் பழுது பார்த்து நீண்ட நாள் வைத்துக்கொள்" என்கிறது. பக்கத்து இலாகா, "பழையதை உடைத்தால் புதிய வண்டியின் சாலை வரியில் 25 சதவிகிதம் வரை தள்ளுபடி" என்கிறது. இரண்டு இலாகாக்காரர்களும் ஒரே சிற்றுண்டிச்சாலையில் சேர்ந்து காப்பி சாப்பிட்டால் தேவலை.

இனி, எதிர்க்கட்சிக்காரர்களின் பெரிய ஆயுதத்துக்கு வருகிறேன். புகை! பழைய டீசல் வண்டி அதிகமாகப் புகை விடுகிறது என்பது உண்மை. 2020 ஏப்ரலிலிருந்து விற்கும் பி.எஸ். ஆறு வண்டிகளோடு ஒப்பிட்டால், எந்த விதியும் இல்லாத காலத்தில் பிறந்த வண்டி எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தாலும் பின்தங்கித்தான் நிற்கும். இதை மறுப்பவன் குருடன், அல்லது மூக்கடைப்புக்காரன். டில்லியில் மூச்சுவிட முடியாமல் குழந்தைகள் தவிக்கும்போது, பத்து வயது டீசல் வண்டியும் பதினைந்து வயது பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடக் கூடாது என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னதில் உள்ள ஆத்திரம் எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த வழி அங்கேயே எப்படி முடிந்தது? 2025 ஜூலை முதல் தேதி, வயதான வண்டிகளுக்குப் பெட்ரோலே ஊற்றாதே என்று உத்தரவு போட்டார்கள். எழும்பிய எதிர்ப்பில், சில நாட்களுக்குள் அதை நிறுத்தி வைக்க வேண்டி வந்தது. ஏன்? நன்றாகப் பராமரித்த வண்டிக்காரனையும், கறுப்புப் புகை கக்குகிறவனையும் ஒரே கயிற்றில் கட்டினால் எவன் ஒப்புவான்?

புகை குற்றம் என்றால் புகையை அளந்து பார், வயதை எண்ணாதே. அளக்கிற கருவி இல்லையா? இருக்கிறது. ஒவ்வொரு பெட்ரோல் பங்க் வாசலிலும் ஒரு வேன் நின்று சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும். அளப்பதில் இருக்கும் ஊழலைத் திருத்தத் தைரியம் இல்லாமல், நாள்காட்டியைக் காட்டி வண்டியை உடைக்கிறோம். காய்ச்சல்மானி பொய் சொல்கிறது என்பதற்காக அறுபது வயதானவர்களை எல்லாம் சுடுகாட்டுக்கு அனுப்புகிற வைத்தியம் இது. இன்னொரு கணக்கும் யாரும் போடுவதில்லை. மாதத்துக்கு நாலு நாள் சேற்றில் இறங்குகிற ஜீப் விடும் புகை எவ்வளவு? அதற்குப் பதிலாக ஒரு புது வண்டிக்கு வேண்டிய இரும்பையும் அலுமினியத்தையும் ரப்பரையும் உருக்கி வார்க்கிற உலைகள் விடும் புகை எவ்வளவு? அந்தப் புகை வேறு ஊரில் எழும்புவதால் நம் கண்ணைக் கரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வயது வேறு, ஆயுள் வேறு என்பது சர்க்காருக்குத் தெரியாத விஷயமா? மிக நன்றாகத் தெரியும். அதற்குச் சாட்சி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்திலேயே இருக்கிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று ஒன்று உண்டு. 1965-இல் விஜயந்தா டாங்கியைச் செய்து வெளியே விட்ட இடம் அது. எழுபதுகளின் கடைசியில் நம் ராணுவத்தில் சேர ஆரம்பித்த ரஷ்ய டி-72 டாங்கிகளைப் பிற்பாடு அங்கேயே செய்தார்கள். வயதான டி-72-க்கு என்ன செய்கிறார்கள்? கண்காட்சியில் வைத்துக் குங்குமம் இடுகிறார்களா? உடைத்துக் கிலோ கணக்கில் விற்றுவிடுகிறார்களா? ஆவடிக்குக் கொண்டுவந்து, திருகு திருகாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடியும் கோத்துப் படைக்கு அனுப்புகிறார்கள். 2023-ஆம் வருஷத்துப் பதினைந்து வருஷ விதியிலேயே, நாட்டின் பாதுகாப்புக்கு உபயோகமாகும் கவச வண்டிகளுக்கும் விசேஷ வண்டிகளுக்கும் விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். மிகவும் சரி. நாற்பது டன் கனமுள்ள டாங்கியைப் பழுது பார்த்து ஓட்டுவது தேசபக்தி என்றால், ஒரு டன் ஜீப்பைப் பழுது பார்த்து ஓட்டுவது மாத்திரம் தேசத்துரோகமாகிவிடுமா? பெரம்பூர் லோகோ பட்டறையில் 1855-ஆம் வருஷத்து நீராவி எஞ்சின் ஒன்றை உயிர்ப்பித்துத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்டினார்களே, அந்தத் திறமை எந்தக் கையில் இருந்து வந்தது? பழையதைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கையிலிருந்துதான்.

யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-க்குப் பின் அந்தக் குடாநாட்டின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. பெட்ரோல் தங்கத்தைப் போல ஆயிற்று. புதிய வண்டியும் உதிரிப் பாகமும் கனவில்தான். அப்போது அங்கே ஓடியவை ஆஸ்டின், மாரிஸ் என்ற பழைய இங்கிலீஷ் கார்கள். ஆஸ்டின் ஏ-40 நமக்கும் அந்நியம் அல்ல. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், லேலண்டு ஆவதற்கு முன்பு, எண்ணூரில் பாகங்களைக் கோத்துச் செய்த கார் அதுதான். யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் அந்தக் கார்களுக்கு மண்ணெண்ணெயைக் குடிக்கப் பழக்கினார்கள். எஞ்சின் கிளம்புவதற்கு மட்டும் கார்புரேட்டரில் சில துளி பெட்ரோல், சூடேறியதும் மண்ணெண்ணெய். நோயாளியும், பிரசவ வேதனைக்காரியும், பிணமும் அந்தக் கார்களில்தான் போனார்கள். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரித்திருக்கும், சந்தேகமில்லை. மூளைப் பெட்டி வைத்த கார் ஒன்று அங்கே இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே கோழிக் கூடு ஆகியிருக்கும். பழுது பார்க்கத் தெரிந்த கையும், பழுது பார்க்க இடம் கொடுக்கும் யந்திரமும் சேர்ந்து ஒரு சமூகத்தை எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்த ஜனங்கள் ரத்தம் சிந்திப் பரீட்சித்திருக்கிறார்கள். நாம் அதைக் கட்டணம் போட்டு அழிக்கிறோம். போடிப் பக்கத்தில் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்காரர்களை ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு, இது யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் பொருந்தும் விஷயம் அல்ல என்று தெரியும்.

இந்த இடத்தில் இன்னொரு கூட்டத்தாரையும் விட்டுவிட மனம் வரவில்லை. சேற்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களைச் சொல்கிறேன். பத்து லட்சத்துக்கு மேல் கொடுத்து நாலு சக்கர இழுவை வண்டி வாங்கி, அதன்மேல் இன்னும் சில லட்சங்களுக்கு விளக்கும் கொம்பும் வைத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் வற்றிய ஏரிக்குள் இறக்கிச் சுற்றுகிறார்கள். சக்கரம் சேற்றைப் பதினைந்து அடி உயரத்துக்கு வாரி இறைக்க வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. பாயின் சாஸ்திரத்தில் எது முதல் தப்போ அதுவே இவர்களுக்கு முதல் இன்பம். விளையாடட்டும், அதற்கென்று வேலி போட்ட தனி நிலம் வைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஏரியின் உள்வாய் என்பது எவனுடைய மைதானமும் அல்ல. வரத்துக் கால்வாயின் கரையைச் சக்கரம் அறுத்துவிட்டால் அடுத்த மழைத் தண்ணீர் ஏரிக்கு வராமல் வேலப்பன்சாவடி மாதிரி ஊர்களின் வீடுகளுக்குள் வரும். வேடிக்கை என்னவென்றால், இந்த விளையாட்டு வண்டிக்கு வயது இரண்டு. ஆகையால் சட்டத்தின் கண்ணில் அது பரம யோக்கியன். தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு அதே ஊர்ச் சேற்றில் தள்ளாடுகிற 2008-ஆம் வருஷத்துக் குட்டி யானைக்கு மட்டும் வருஷா வருஷம் நடுக்கம். அதை வாங்கிய கடனையே சமீபத்தில்தான் அடைத்து முடித்திருப்பான் அதன் சொந்தக்காரன். வண்டி தன்னுடையதாக ஆகி, நாலு காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைக்கும் வேளையில், "உன் வண்டிக்கு வயதாகிவிட்டது, புதுக் கடன் வாங்கிக்கொள்" என்று அவனிடம் சொல்வது எந்த ஊர் நியாயம்? கடன் கொடுக்கிறவர் ஊர் நியாயமாக இருக்கலாம்.

பாயிடம் முன்பு மூன்று பையன்கள் வேலை கற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது ஒருவன்தான் இருக்கிறான். மற்ற இருவரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கான்டிராக்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒருவன் நாள் முழுவதும் ஒரே போல்ட்டை ஒரே இடத்தில் முடுக்குகிறானாம். கியர் பெட்டியின் சத்தத்தைக் கேட்டே எந்தப் பல் தேய்ந்தது என்று சொல்லக் கூடியவன் அவன். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. பட்டறையில் வருவது பழைய வண்டி வந்தால்தான். வண்டிகளை உடைத்துவிட்டால் அவன் திரும்பி வருவதற்கு இடமும் இராது. புதுப்பேட்டையில் பழைய பாகங்களைப் பிரித்து, தரம் பார்த்து, எந்தப் பல்சக்கரம் எந்த வருஷத்து வண்டிக்குப் பொருந்தும் என்று மனப்பாடமாகச் சொல்லுகிற கிழவர்களும் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் கோரிக்கைகள் பெரியவை அல்ல. வயதுக்காக ஏறும் கட்டணத்தை எடுத்துவிட்டு, எல்லா வண்டிக்கும் பரிசோதனைக்கு ஆகும் செலவை மாத்திரம் வாங்கட்டும். தோற்ற வண்டிக்கு இரண்டாம் பரிசோதனைக்கு வேண்டுமானால் இரட்டிப்பாக வாங்கட்டும். அதில் ஒரு நியாயம் உண்டு. நகராட்சி லாரியையும் ஆஸ்பத்திரி வண்டியையும் உடைப்பதற்கு முன் ஒரே ஒரு தரம் ஓட்டிப் பார்க்கட்டும். பெரிய நகரத்தின் நடுவில் பழைய டீசல் கூடாது என்றால் அங்கே எல்லை போட்டுத் தடுக்கட்டும். வேலப்பன்சாவடிக்கும் போடிமெட்டுக்கும் அதே எல்லையை இழுக்க வேண்டாம். பழுது பார்க்கும் விவரங்களைப் புது வண்டிக் கம்பெனிகள் தமிழிலும் அச்சிட்டு, கேட்கிற எந்தப் பட்டறைக்கும் கிரயத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்யட்டும்.

பரிசோதனை நிலையங்களை இப்போது தானியங்கி யந்திரங்கள் வைத்துப் பளபளவென்று கட்டுகிறார்களாம். உருளைகளின்மேல் வண்டியை நிறுத்திப் பிரேக்கை அளக்கிறார்கள். குழாயைச் சொருகிப் புகையை அளக்கிறார்கள். நல்லது. அதன் பின்புறத்தில் அரை ஏக்கர் நிலத்தைத் தளம் போடாமல் விட்டு, கார்த்திகை மாதத்து வேலப்பன்சாவடித் தெரு ஒன்றை அப்படியே உண்டாக்கி வைக்கட்டும்: முழங்கால் ஆழம் சேறு, நடுவில் மூடாத ஒரு குழி, ஓரத்தில் சாய்ந்த ஒரு மின்கம்பம். பாயின் ஜீப்பையும், சட்டம் போட்ட அதிகாரியின் புது வண்டியையும் ஒரே நேரத்தில் அதில் இறக்கட்டும். இழுத்துவரக் கயிறு பாயிடம் இருக்கிறது.